மொய் நோட்டில் இல்லாத பெயர்





வரும் மாதங்களில் நம் சபையில் மூன்று கலியாணங்கள் நடக்க இருக்கின்றன. அதனால் வாலிபர் கூட்டத்தில் சிலர் என்னிடம் வந்து, "பாஸ்டர், கலியாண ஞாபகங்களை எப்படிப் பத்திரமா வச்சுக்கிறது? கூட நின்னு உதவி செஞ்சவங்களுக்கு எப்படி நன்றி சொல்றது? புதுசா ஏதாவது யோசனை எழுதுங்களேன்" என்று கேட்டார்கள். சின்னக் கேள்விதானே, ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் இதற்குப் பதில் சொல்ல எனக்கே தகுதி இல்லை என்று தெரிந்தது. ஏன் என்று மறைக்காமல் சொல்கிறேன். என் தவறு உங்களில் ஒருவருக்காவது பாடமாகட்டும்.

போன வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறி, இரும்பு பீரோவுக்குள்ளும் ஈரம் புகுந்துவிட்டது. உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து வெயில் வந்த நாளில் முற்றத்தில் பரப்பினோம். எங்கள் கலியாண ஆல்பமும் அதில் இருந்தது. 2006 அக்டோபரில் எடுத்த படங்கள். சில பக்கங்களில் படத்தோடு பிளாஸ்டிக் தாள் ஒட்டிக்கொண்டுவிட்டது. சில படங்களில் பூஞ்சைப் புள்ளிகள். வீடியோ என்று ஒரு டிவிடி உண்டு. அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் கருவியே இல்லை. பக்கத்து வீட்டுப் பழைய கருவியில் போட்டால், மோதிரம் மாற்றும் இடத்தில் நின்றுவிட்டது.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவள், ஒரு படத்தில் விரலை வைத்தாள். பந்தியில் பெரியப்பாவும் மாமாவும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். படத்தின் ஓரத்தில் சாம்பார் வாளியோடு ஒருவர் குனிந்து நிற்கிறார். யாரையோ பார்த்துச் சிரிக்கிறார்.

"இது யாருப்பா?"

எனக்கு அவரை நன்றாகத் தெரியும். ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை.

அவர் நான் வளர்ந்த சபையில் ஒரு மூத்த விசுவாசி. கூலி வேலை செய்கிறவர். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். என் கலியாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நானூறு பேருக்குச் சமையல். வாங்கிப் போட்ட விறகெல்லாம் நனைந்து ஒரே புகை. சமையல்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அண்ணாச்சி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்தார். அவர் வீடு மூன்று கிலோமீட்டர். மழைக்காலத்துக்கென்று தொழுவத்துப் பரணில் அடுக்கி வைத்திருந்த காய்ந்த உடைவிறகைச் சாக்குப் போட்டு மூடி, கேரியரில் கட்டிக் கொண்டுவந்தார். ஒரு நடை அல்ல, நாலு நடை! ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்றார். மறுநாள் பந்தி பரிமாறினார். கடைசிப் பந்தி முடிந்ததும் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவர் சாப்பிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று நான் மைக்கைப் பிடித்து நன்றி சொன்னேன். ஊழியக்காரர்களுக்குச் சொன்னேன். வெளியூரிலிருந்து வந்த உறவினருக்குச் சொன்னேன். சவுண்ட் சர்வீஸ்காரருக்குக்கூடச் சொன்னேன். அண்ணாச்சி பெயர் என் வாயில் வரவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. 2013-ல் அவருடைய மகளுக்குக் கலியாணம். பத்திரிகை வந்தது. நம் வீடுகளில் வழக்கமாக என்ன செய்வோம்? மொய் நோட்டை எடுத்தோம். அவர் நமக்கு என்ன செய்தார் என்று பார்த்தோம். அவர் பெயரே நோட்டில் இல்லை. அன்று அவர் கையில் காசு இருந்திருக்காது. "ஒண்ணும் எழுதலியே, அப்போ நூத்தியொண்ணு வச்சாப் போதும்" என்று தீர்மானம் செய்தோம். நூற்றியொரு ரூபாயைக் கவரில் வைத்துக் கொடுத்தேன். வேறொரு கூட்டம் இருக்கிறது என்று சொல்லி முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். அண்ணாச்சி வாசல்வரை வந்து வழியனுப்பினார். 2020-ல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

பிரியமானவர்களே, நான் பொய் சொல்லவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை, நோட்டுப்படி நியாயமாகத்தான் நடந்தேன். ஆனாலும் அநியாயம் செய்துவிட்டேன். இது எப்படி?

மொய் எழுதுவது தப்பா?

தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஏழை வீட்டில் ஒரு கலியாணம் என்றால் வட்டிக்குக் கடன் வாங்காமல் ஊரே சேர்ந்து தூக்கிவிடுகிற நல்ல ஏற்பாடு அது. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக வைப்பார்கள். வாங்கியவர் அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் கூட்டித் திருப்பிச் செய்வார். அதனால் கடை வைத்தவர்கள், வீடு கட்டியவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உண்டு.

ஆனால் அந்த நோட்டுக்கு ஒரு குறை உண்டு. எண்ணக்கூடியது மட்டும்தான் அதில் ஏறும். ஐந்நூறு ஏறும், ஐயாயிரம் ஏறும், குத்துவிளக்கு ஏறும், குக்கர் ஏறும். மழையில் நாலு நடை சைக்கிள் மிதித்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அழுகிற கைக்குழந்தையை இரண்டு மணி நேரம் தோளில் போட்டு, அதன் தாய் ஆராதனையில் நிற்கும்படி செய்த பாட்டியை எந்தப் பக்கத்தில் எழுதுவது? நோட்டில் ஏறாததை நாம் மெதுவாக மறந்துவிடுகிறோம். மறந்த பிறகு, "அவர் ஒண்ணும் செய்யலியே" என்று சொல்லிவிடுகிறோம்.

இயேசுவானவர் விருந்தைப் பற்றிப் பேசுகிற இடத்தைக் கவனியுங்கள் (லூக்கா 14:12-14). திருப்பி அழைக்கக்கூடியவர்களை மட்டும் அழைக்காதே, திருப்பிச் செய்ய வழியில்லாத ஏழைகளை அழை என்கிறார். மொய் நோட்டுக்கு வெளியே ஒரு பந்தி உண்டு என்பதையே அவர் காட்டுகிறார். என் விஷயத்தில் அது தலைகீழாக நடந்தது. ஏழை எனக்கு விருந்து செய்தார். நான் அவருக்குக் கணக்குப் பார்த்தேன்.

நன்றி கடனா?

வேதாகமக் கல்லூரியில் அப்போஸ்தலர் நடபடிகள் பாடம் எடுத்த ஆசிரியர் ஒரு சுவையான விஷயம் சொன்னார். பவுலை நியாயாசனத்துக்கு முன் இழுத்துக்கொண்டு வந்தபோது, இது என் வேலை அல்ல என்று அனுப்பிவிட்ட அதிபதி கல்லியோனை நினைவிருக்கிறதா (அப். 18:12-16)? அந்தக் கல்லியோனுடைய சகோதரன்தான் செனேக்கா என்கிற ரோமத் தத்துவ அறிஞர். உதவி செய்வதையும் உதவி பெறுவதையும் பற்றி மட்டும் அவர் ஏழு புத்தகங்கள் எழுதினார். கொடுத்தவன் உடனே மறந்துவிட வேண்டும், வாங்கியவன் ஒருபோதும் மறக்கக் கூடாது. இதுதான் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள சட்டம் என்பது அவர் கருத்து. நம் திருவள்ளுவரும் செய்ந்நன்றியறிதல் என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார், பதினோராவது அதிகாரம். கிறிஸ்துவை அறியாதவர்களும் இவ்வளவு ஆழமாக யோசித்திருக்கிறார்கள்.

இதில் நாம் எங்கே தவறுகிறோம்? இரண்டு பேருக்கான சட்டத்தை மாற்றிப் பிடித்துக்கொள்கிறோம். வலதுகை செய்வதை இடதுகை அறியக் கூடாது என்று ஆண்டவர் சொன்னது கொடுக்கிறவனுக்கு (மத்தேயு 6:3). அண்ணாச்சி அதன்படி நடந்தார். விறகு கொண்டுவந்ததை ஒரு நாளும் வாய் திறந்து சொல்லவில்லை. நானோ, அவர் சொல்லாததையே எனக்குச் சௌகரியமாக்கிக்கொண்டேன். அவர் மறந்தது அவருக்குப் புண்ணியம். நான் மறந்தது எனக்குப் பாவம்.

அப்படியானால் நன்றி ஒரு கடனா? கடன் என்றால் அடைத்தவுடன் தீர்ந்துவிடும். அண்ணாச்சிக்கு நான் அன்றைய விறகின் விலையைக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்குமா? அவர் முகம் சுருங்கிப் போயிருக்கும். அன்பினால் செய்ததற்கு விலை போட்டால் அது அவமானம். ஆகவே நன்றி என்பது அடைத்துத் தீர்க்கிற காரியமல்ல, நினைவில் வைத்திருக்கிற காரியம். "நீங்க செஞ்சதை நான் பார்த்தேன், மறக்கல" என்பதுதான் நன்றி. கலியாண ஞாபகத்தைக் காப்பாற்றுவதும், கூட நின்றவர்களுக்கு நன்றி சொல்வதும் இரண்டு வேலை என்று வாலிபர்கள் கேட்டார்கள். இல்லை பிள்ளைகளே, இரண்டும் ஒரே வேலை.

கானா ஊரில் தண்ணீர் சுமந்தவர்கள்

கானா ஊர்க் கலியாணத்தைப் பற்றிக் கேட்காத கிறிஸ்தவக் கலியாணமே கிடையாது (யோவான் 2). ஆனால் ஒரு கணக்கை யாரும் போடுவதில்லை. ஆறு கற்சாடிகள். அந்தக் கால அளவின்படி எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 450 முதல் 700 லிட்டர் பிடிக்கும். நம் ஊர்க் குடம் 15 லிட்டர் என்றால் 30 முதல் 47 குடம்! குழாயும் மோட்டாரும் இல்லாத காலம். அவ்வளவையும் வேலைக்காரர்கள் நிரப்பினார்கள், அதுவும் விளிம்பு மட்டும்.

அப்புறம் என்ன நடந்தது? பந்திவிசாரிப்புக்காரன் ருசி பார்த்தான். அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. தண்ணீர் மொண்டவர்களுக்குத் தெரியும். அவன் யாரைக் கூப்பிட்டுப் பாராட்டினான்? மணவாளனை! நல்ல ரசத்தைக் கடைசிவரை வைத்திருந்தாயே என்று அவனைப் புகழ்ந்தான். அந்த மணவாளன் ஒரு துளி தண்ணீர்கூட மொள்ளவில்லை. அவன் என்ன பதில் சொன்னான் என்று வேதத்தில் எழுதப்படவில்லை.

பிரியமானவர்களே, ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் இந்த நேரம் வரும். "சாப்பாடு பிரமாதம் தம்பி!" "ஏற்பாடெல்லாம் ஜோர்!" என்று கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். யாரோ சுமந்த தண்ணீருக்குப் புகழ்ச்சி நம் தலையில் வந்து விழும். "ஸ்தோத்திரம், நன்றி" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். அல்லது, "நான் ஒண்ணும் செய்யலீங்க, அதோ அவங்கதான்" என்று கையைக் காட்டலாம். அந்த ஒரு நிமிஷத்தில் உன் குணம் தெரிந்துவிடும்.

மகிமை கர்த்தருக்கே. அப்போ மனுஷருக்கு?

நம் சபைகளில் ஒரு பழக்கம் உண்டு. அதை அன்போடு சுட்டிக்காட்ட விரும்புகிறேன். நன்றியுரை வந்தால், "மனுஷருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை, எல்லா மகிமையும் கர்த்தருக்கே, உதவி செய்த எல்லாருக்கும் பரலோகத்தில் பலன் உண்டு" என்று முடித்துவிடுகிறோம். கேட்க ஆவிக்குரியதாக இருக்கிறது. ஆனால் பல நேரம் அது சோம்பலுக்குப் போட்ட வெள்ளை வேஷ்டி.

ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பவுல் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். வெறும் பெயர் மட்டுமா? பெபேயாள் அநேகருக்கு ஆதரவாக இருந்தாள். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தையே கொடுக்கத் துணிந்தார்கள். மரியாள் மிகவும் பிரயாசப்பட்டாள் என்று பலருக்கு அவரவர் செய்ததைக் குறிப்பிடுகிறார். சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியுவும் தன் வாழ்த்தை அதில் சேர்த்துக்கொள்கிறார். அதே அதிகாரத்தின் கடைசியில்தான் மகிமை தேவனுக்கே என்று முடிக்கிறார். ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லையே! பத்துக் குஷ்டரோகிகள் சுகமானபோது திரும்பி வந்தவன் ஒருவன் மட்டுமே. மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார் (லூக்கா 17). அதை அவர் கவனிக்கிறவர்.

இன்னொரு கேள்வியும் வரும். "சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும்தான் கூலி கொடுத்துட்டோமே, அவங்களுக்கு என்ன நன்றி?" முதலில் கூலி. விடியும்வரை கூலியைப் பிடித்து வைக்காதே என்பது நியாயப்பிரமாணம் (லேவி. 19:13). மண்டபத்துக்கு ஆடம்பரமாகச் செலவு செய்துவிட்டுப் பாத்திரம் கழுவிய அம்மாவிடம், "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்கிறவன், நன்றி என்ற வார்த்தையை எடுக்கவே கூடாது. கூலி கொடுத்த பிறகு ஒரு வார்த்தை. "அக்கா, உங்களாலதான் இன்னைக்கு எல்லாம் சுத்தமா இருந்துச்சு" என்று சொன்னால் என்ன குறைந்துபோகும்?

செய்யக்கூடிய சில காரியங்கள்

இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபோது பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டினார்கள். எதற்கு? பின்னாளில் பிள்ளைகள், இந்தக் கல் என்ன என்று கேட்டால் சொல்வதற்கு (யோசுவா 4). ஞாபகக்குறி என்பது பிள்ளைகளின் கேள்விக்காக வைப்பது. என் மகள் கேட்டாள். நான் திக்கிப் போனேன். நீங்கள் அப்படி நிற்காதபடிக்குச் சில யோசனைகள்:

1. இரண்டாவது நோட்டு. மொய் நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு வையுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு போதும். பொறுப்புள்ள ஒரு தங்கையிடம் கொடுத்து, யார் என்ன செய்தார்கள் என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். நாற்காலி சுமந்தது, குடிதண்ணீர் ஏற்பாடு, பஸ் நிலையத்தில் ராத்திரி இரண்டு மணிக்குக் காத்திருந்து விருந்தாளிகளைக் கூட்டி வந்தது, பாட்டியைக் கழிப்பறைக்கு அழைத்துப் போனது, எல்லாம்! நம் வீட்டுப் பெட்டியில் இதுவே விலையேறப்பெற்ற புத்தகமாக இருக்கும்.

2. அடுப்படிப் படம். போட்டோகிராபரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் சாப்பிட உட்காருமுன் சமையல் கொட்டகைக்குப் போய், அங்கே இருக்கிற எல்லாரோடும் நின்று ஒரு படம் எடுக்க வேண்டும். பத்து நிமிஷம் ஆகும். மேடையில் ஒரே மாதிரி எடுத்த இருநூறு படங்களில் பத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

3. கடைசிப் பந்தி. உதவி செய்தவர்கள் எப்போதும் கடைசியில்தான் சாப்பிடுவார்கள். அதற்குள் சாம்பார் தண்ணீராகிவிடும், பாயசம் தீர்ந்துவிடும். அவர்களுக்கென்று தனியாக எடுத்து வைத்து, அந்தப் பந்தியில் மாப்பிள்ளையும் பெண்ணும் கையால் பரிமாறுங்கள். பட்டுப்புடவை கசங்கினால் கசங்கட்டும். அந்தக் கறையும் ஒரு ஞாபகம்தான்.

4. கையால் எழுதின கடிதம். ஒரு மாதத்துக்குள் எழுதிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்புவது நன்றி அல்ல, அறிவிப்பு. பவுலைப்போல, பெயரையும் செய்த காரியத்தையும் எழுதுங்கள். நீளம் வேண்டாம். உதாரணமாக: "அன்புள்ள தம்பி, முந்தின ராத்திரி நீயும் உன் சிநேகிதர்களும் ஆலயத்திலிருந்து இருநூறு நாற்காலி சுமந்தீர்கள். முழங்கால் வலியோடு வந்த எங்கள் பாட்டி ஆராதனை முடியும்வரை உட்கார்ந்திருந்தது அதில் ஒன்றில்தான். அதை நாங்கள் மறக்கவில்லை." இவ்வளவு போதும். அவர் இருக்கிற படம் ஒன்றைக் கழுவி அதோடு வைத்துக் கொடுங்கள். இருநூறு ரூபாய் வெள்ளிமுலாம் டம்ளரைவிட இதை அவர் பத்திரமாக வைத்திருப்பார்.

5. முதல் வருஷத்து விருந்து. புதுசாகக் கலியாணம் ஆனவனை ஒரு வருஷம் யுத்தத்துக்கு அனுப்பாதே, வீட்டில் இருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்தட்டும் என்று நியாயப்பிரமாணம் சொல்கிறது (உபா. 24:5). அந்த வருஷத்தில் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் விருந்துக்குப் போகிறோம். விறகு சுமந்தவர் வீடு அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. இரண்டு பேரும் அவர் வீட்டுக்குப் போய் ஒரு கடுங்காப்பி குடித்து, ஜெபம் செய்துவிட்டு வாருங்கள்.

6. தோழனும் தோழியும். இவர்கள் படத்துக்கு அழகாக நிற்க வந்தவர்கள் அல்ல. 1872-ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டப்படி பதிவேட்டில் ஊழியக்காரரைத் தவிர இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். அநேகமாக இவர்கள்தான் போடுவார்கள். சாட்சி என்றால் பிற்பாடும் கேட்கிற உரிமை உள்ளவர்கள். மணவாளனுடைய தோழன் அருகே நின்று அவன் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறவன் என்று யோவான்ஸ்நானன் சொன்னார் (யோவான் 3:29). ஆகவே அவர்களிடம் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள்: "இன்று நான் கண்டது, இவர்களுக்காக நான் ஜெபிப்பது." கவரில் ஒட்டி வைத்து, பத்தாவது வருஷம் எல்லாரும் கூடியிருக்கும்போது பிரியுங்கள். பதிலுக்கு, நீங்கள் ஆலயத்தில் செய்த உடன்படிக்கையைக் கையால் எழுதி அவர்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள். நீங்கள் தவறினால் அதைக் காட்டிக் கேட்கட்டும்!

7. பெரியவர்களின் சத்தம். தாத்தா பாட்டி ஜெபம் பண்ணி ஆசீர்வதிப்பதைப் போனில் பதிவு செய்யுங்கள். முகம் படத்தில் நிற்கும், சத்தம் நிற்காது.

8. ஒரு தென்னங்கன்று. இடம் உள்ளவர்கள் கலியாண வாரத்தில் நடுங்கள். நெட்டை ரகம் காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். முதல் காய்களை இரண்டாவது நோட்டைப் பார்த்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். எங்கள் வீட்டில் இதுவரை நாங்கள் செய்யவில்லை. இந்த மழைக்கு நடப்போகிறோம்.

பத்திரப்படுத்தும் விதம்

இதை நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். பசை தடவின அட்டையில் படத்தை வைத்து மேலே பிளாஸ்டிக் தாள் மூடுகிற ஆல்பம் வேண்டாம். வருஷம் போகப்போகப் பசை மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆல்பத்தை ஈரச் சுவரை ஒட்டிய பீரோவில் வைக்காதீர்கள். படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள், முன்பக்கம் தழும்பு விழும். மென்மையான பென்சில் நல்லது. பென்சில் பிடிக்காத வழவழப்பான தாளாக இருந்தால், படத்துக்கு எண் கொடுத்துத் தனித்தாளில் பெயர்களை எழுதுங்கள். பெயர் எழுதாத படம் இருபது வருஷத்தில் அந்நியர் படமாகிவிடும்.

வீடியோ கேசட் வைத்திருக்கிறவர்கள் தாமதிக்க வேண்டாம். அந்தக் கருவியைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016-ல் நிறுத்திவிட்டது. ஓடுகிற கருவி கிடைக்கும்போதே கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். டிவிடியும் அப்படியே. போனில் இருக்கிறது, பென் டிரைவில் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். போன் தொலையும், பென் டிரைவ் ஒரு நாள் சொல்லாமல் கெடும். மூன்று பிரதி எடுத்து, ஒன்றையாவது வேறு வீட்டில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கின படம். போட்டோகிராபரிடம் மூலப் படங்களையே கேட்டு வாங்குங்கள். முக்கியமான ஐம்பது படங்களைத் தாளில் கழுவி வையுங்கள். பட்டுப்புடவையைப் பிளாஸ்டிக் கவரில் வைக்காமல் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது.

அந்தப் படம்

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். மகள் கேட்ட மறு வாரம் நானும் என் மனைவியும் அந்தப் படத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். ஊரெல்லாம் என்னைப் பாஸ்டர் என்று கூப்பிட்டாலும் அந்த அக்காவுக்கு நான் தம்பிதான். விறகு சமாச்சாரத்தைச் சொன்னேன், நூற்றியொரு ரூபாயையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அன்னைக்கு நனைஞ்சதுல மூணு நாளு காய்ச்சல்ல கெடந்தாவ. ஒங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லிட்டாவ. புது மாப்பிள்ள மனசு சங்கடப்படுமாம்" என்றார்கள்.

படத்தைக் கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். "அவிய சிரிச்ச மாதிரி படமே எங்க வீட்டுல இல்ல தம்பி. ரேஷன் கார்டுல உள்ளதப் பெருசாக்கித்தான் மாட்டியிருக்கோம்" என்று சொல்லிச் சுவரைக் காட்டினார்கள்.

பதினெட்டு வருஷம் அந்தச் சிரிப்பு எங்கள் பீரோவுக்குள் ஈரத்தில் கிடந்தது! அது எங்கள் ஞாபகம் என்று நினைத்துப் பூட்டி வைத்திருந்தேன். அது அந்த வீட்டுச் சொத்து.

பிரியமானவர்களே, இன்றைக்கே உங்கள் ஆல்பத்தை எடுங்கள். நடுவில் நிற்கிறவர்களை விடுங்கள், ஓரத்தில் நிற்கிறவர்களைப் பாருங்கள். அவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள்? அவர்கள் வீடு எங்கே இருக்கிறது? நோட்டைப் பார்க்காமல் புறப்பட்டுப் போங்கள். அண்ணாச்சியிடம் நான் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை அவர் மனைவியிடம்தான் சொல்ல முடிந்தது. உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

ஒரு கலசம் தண்ணீரையும் மறவாத தேவன், நமக்காகச் சுமந்தவர்களை நாம் மறவாதபடிக்கு நமக்கு உணர்வுள்ள இருதயத்தைத் தருவாராக. புதிதாக இல்லறத்தில் பிரவேசிக்கும் பிள்ளைகளை அவர் தாமே ஆசீர்வதிப்பாராக. ஆமென்.